மாமா வந்துதான் ஸ்டார் கட்டணுமாம்

கெசியா அப்பா,

நைட் ஷிப்டு முடிச்சி வந்ததும் தூங்கிடாதீங்க. எந்தம்பி எபி பதினோரு மணி டிரெயின்ல ஆரம்பாக்கத்துலர்ந்து வரான், ஸ்டேஷனுக்குப் போயி கூட்டினு வாங்க. சோறும் மீன் கொழம்பும் அடுப்பு மேல இருக்குது. தட்டுல ஒரு ஸ்பூன் வெச்சிருங்க. மிஷின்ல சோத்துக்கை வெரல் நாலும் போனதுலர்ந்து ஸ்பூன் கேக்கக்கூட வெக்கப்படறான்.

கெசியா பக்கத்து ஊட்ல இருக்கா.

நேத்து கெளம்பும்போது, "அவன் வரதுக்குள்ள கிறிஸ்மஸ் மரத்த கட்டி முடிச்சிரு"ன்னீங்க. நான் கோவிச்சிக்கினாலும் மரம் வெச்சிருக்கற பெட்டிய எடுத்துட்டேன். ஆனா கெசியா பெட்டிய தொறக்கவே உடல. மாமா வந்துதான் ஸ்டார் கட்டணுமாம்.

சின்ன வயசுல எங்க ஊட்ல பெயிண்ட் டப்பால மண்ணு போட்டு சவுக்குக் கிளைய நடுவோம். நான் ஆடாம புடிச்சிக்குவேன். அவன்தான் பஞ்சப் பிச்சிப் பிச்சி ஒட்டுவான், பலூன் கட்டுவான், ஸ்டாரும் கட்டுவான். "நீ கட்டினா கோணலா பூடும்க்கா"ன்னு என்னிய ஒரு முடிச்சு கூட போட உடமாட்டான்.

இப்ப அவன கட்டச் சொன்னாலும் அழுவான், சொல்லாட்டியும் அழுவான். இன்னா பண்றதுன்னே எனக்குத் தெரில. நீங்களே எதுனா பாத்து பண்ணுங்க.

ராணி

இன்னொண்ணு. அவனா கட்ட ஆரம்பிச்சா எவ்ளோ நேரம் ஆனாலும் உதவிக்கு மட்டும் போவாதீங்க.

இன்னிக்கி லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. என்னால பாக்க முடியாதுன்னுதான் கேக்கல.