வடக்குச் சுவரின் நீளக் கற்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் இருமல் விட்டதா? போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

அப்பாவின் அறையில் வடக்குச் சுவர் விரிசல் விட்டது என்று சொன்னேன் அல்லவா? நீ வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் கொத்தனாரை வரச் சொன்னேன். மனிதர் சுவரைத் தட்டினார், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். "சுவரு வயிறு தள்ளிடுச்சும்மா, மழைக்கு முன்னாடி பிரிச்சுக் கட்டணும். அதுவரைக்கும் பெரியவரை இங்க படுக்க விடாதீங்க" என்றார். எனக்குப் பொறி தட்டியது. பழைய கல்லுக்கு இப்போது ஏகக் கிராக்கி, சுவரைப் பிரித்தால் கல்லை அவர் அள்ளிக்கொண்டு போகலாம். நூற்றைம்பது வருஷமாக நிற்கும் பண்ணை வீடு இவர் தட்டிய அன்றைக்கா வயிறு தள்ளும்?

விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதிவிட்டுப் போனார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையுமாம். ஒன்பதாம் நாள் உடைந்தது. அன்று காலைதான் அவர் வந்து போயிருந்தார். ஆள் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். யாரிடமும் மூச்சு விடாமல், விரிசல் ஓடும் சுவர் அலமாரிக்குள் நானே இன்னொரு துண்டை ஒட்டி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் வந்தால் டீயைக் கொடுத்துவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், மனிதருக்கு டீயே இறங்கியிருக்காது. ஆறு நாளில் பூட்டின அலமாரிக்குள் இருந்ததும் உடைந்தது.

அதற்கு மேல்தான் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டேன். நம் வீட்டுச் சுவர் ஒவ்வொன்றும் உண்மையில் இரண்டு சுவர்களாம். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, நடுவில் மண்ணும் சில்லுக் கல்லும். இரண்டும் பிரியாமல் பிடித்திருப்பவை, முனை கொஞ்சம் வெளியே நீட்டும்படி குறுக்கே போட்ட நீளக் கற்கள். மற்ற மூன்று சுவர்களிலும் அவை அப்படியே இருக்கின்றன. வடக்கில் தோண்டிப் பார்த்தால் சின்னக் கல்லும் சிமெண்டும்தான். "யாரோ உருவிட்டாங்கம்மா" என்றார். எனக்கு உடனே பெரியப்பா மகன் மேல் சந்தேகம். வேலித் தகராறிலிருந்தே அவன் முகம் சரியில்லை.

கிணற்றடியில் நீ போட்ட கல் பெஞ்சில் உட்கார்ந்துதான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். டிராக்டரை நிறுத்த வடக்குச் சுவரை ஒட்டிய வாசலை நீ அகலமாக்கிய வருஷம் போட்டது. கல் ஏது என்று கேட்டதற்கு அன்று சிரித்தாய். சட்டென்று எழுந்துபோய் டேப்பை எடுத்து வந்தேன். ஆறு கல்லும் இரண்டே முக்கால் அடி. சுவரின் கனம் இரண்டரை அடி, வெளியே நீட்டும் முனை கால் அடி. ஒரு கல்லின் முனையில் அப்பா அறையின் நீலச் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருக்கிறது.

தெரியாமல் செய்திருப்பாய். நீட்டிக்கொண்டிருந்த கல் வண்டியை இடிக்கிறது என்று எடுத்திருப்பாய். அது போகட்டும். போன மாதம் விரிசல் என்றதும், "கொத்தனாரெல்லாம் வேண்டாம்க்கா, அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று ஏன் சொன்னாய்? இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பெரியப்பா மகனை வேறு அநியாயமாகத் திட்டிவிட்டேன்.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கொத்தனாருக்கும் பெஞ்சைக் காட்டவில்லை. ஆனால் அப்பா அறையை விட்டு வர மாட்டேன் என்கிறார். கட்டிலை நகர்த்தப் போனால் கைத்தடியை ஓங்குகிறார். "சின்னவன் ஒண்ணுமில்லேன்னு போன்ல சொல்லிட்டான். நீ சும்மா பயந்து சாகாதே" என்கிறார். என் பேச்சை அவர் என்றைக்குக் கேட்டார்? நீ சொன்னால் இந்த நிமிஷமே எழுந்து வருவார்.

மழைக்குப் பத்து நாள்கூட இல்லை. கடிதம் கிடைத்ததும் அவரைக் கூப்பிட்டு, முன்னறைக்கு மாறச் சொல். காரணத்தைச் சொல்வதும் மறைப்பதும் உன் மனசைப் பொறுத்தது.

நீ அங்கே ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உன் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனாலும் மனதார வாழ்த்துகிறேன். அப்பாவைத் தனியாக விட மனம் வரவில்லை. வருகிற திங்கட்கிழமையிலிருந்து அவர் கட்டிலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில்தான் நானும் படுத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா