வை, வெ

மார்ச் 3
என் நொதிக்கு ஒரு பழக்கம். புரதம் கண்ணில் பட்டால் அதன்மேல் ஒரு வேதித் துணுக்கை ஒட்டிவிடும், ஆபீஸ் முத்திரை மாதிரி. முத்திரை விழுந்த புரதத்தின் நடத்தையே மாறிவிடும். இரத்த வெள்ளணுவுக்குள் வைரஸ் புகுந்தால் நொதி கண்டபடி குத்துகிறதா, அதனால்தான் அந்த உயிரணு நிற்காமல் பெருகி நிணநீர்ப் புற்றாகிறதா? இதுதான் ஆய்வு. ஐந்து வருடம். 20ஆம் தேதி முனைவர் பட்டக் குழு கூடுகிறது; அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். காட்ட ஒன்றுமில்லை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மார்ச் 5
உயிரணுக்களை உடைத்துச் சாறு எடுத்தாயிற்று. வைரஸ் புகுந்தவற்றின் பெட்டிக்கு 'வை', வெறும் உயிரணுக்களின் பெட்டிக்கு 'வெ' என்று எழுதினேன். பல்வலி. உறைபெட்டிக்குப் பொறுப்பான பனிக்கரடியிடம் (வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போடுகிறவள்) ஒப்படைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன்.

மார்ச் 9
வைரஸ் உள்ளதில் நொதியின் வேகம் ஒன்பது மடங்கு! என் வழிகாட்டி மேடம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அவர் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை, இவ்வளவு உயரமா?

மார்ச் 10
மாமியாருக்கு விளக்கினேன். "அதாவது, வந்தவ வீட்டு நிர்வாகத்தையே கையில எடுத்துக்கிட்டா" என்றார். வைரஸை ஏன் 'வந்தவ' என்கிறார்? ஏன் என்னையே பார்க்கிறார்?

மார்ச் 13
பனிக்கரடி என்னைப் பாராட்டினாள்.
"உன்னை மாதிரி தெளிவா யாருடி எழுதுறா? 'வை'ன்னு இருந்துச்சு, உள்ள வெச்சேன். 'வெ'ன்னு இருந்துச்சு, வெளிய வெச்சேன்."
"வெளியன்னா... எங்க?"
"மேஜை மேல. மறுநாள் பாவமா இருந்துச்சு, அதையும் உள்ள வெச்சுட்டேன்."
ஐயோ. ஒரு நாள் முழுக்க வெளியே கிடந்தால் எந்த நொதிதான் உயிரோடு இருக்கும்? ஒன்பது மடங்கு வைரஸின் சாதனை இல்லை. மேஜையின் சாதனை.

மார்ச் 14
யாருக்கும் தெரியாது. பனிக்கரடிக்கே தெரியாது.

மார்ச் 15
தூக்கமில்லை. இதை நம்பி நாளைக்கு யாராவது மருந்து தேட ஆரம்பித்தால்? மேஜைக்கா மருந்து கொடுப்பார்கள்? — மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். மெதுவாக உட்கார்ந்தார்.
"குழுவுக்கு எத்தனை நாள் இருக்கு?"
"அஞ்சு, மேடம்."
"அப்ப இங்க நின்னுக்கிட்டு என்ன பண்றே?"

மார்ச் 19
புதுச் சாறு. ஆறு தடவை அளந்தேன். ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆறு தடவையும். ஒன்பதைப் பார்த்த கண்ணுக்குச் சப்பென்றிருக்கிறது. ஆனாலும் வைரஸ் தன் கைவரிசையைக் காட்டத்தான் செய்கிறது.

மார்ச் 20
"ரெண்டு மடங்குதானே, இதை ஏன் நம்பணும்?" என்றார் குழுத் தலைவர். முதலில் ஒன்பது வந்தது, அது தப்பு என்று முழுக் கதையையும் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக, யோசனையில் ஆழ்ந்தார்கள். தத்தம் ஆய்வகத்தில் அவசரமாக ஒரு பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று மூன்று பேர் பாதியிலேயே கிளம்பினார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான்.