தற்காலிகம் என்று எழுதிய வரி

ரூசே
7 மே 2025

ஒகி,

இல்லை, மின்சாரம் இருக்கிறது. கணினியை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன், மூன்று முறை. நீ தொலைபேசியை எடுத்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பாய். அதனால் பதிலிலிருந்து தொடங்குகிறேன்.

நேற்று முன்தினம் மாலை, ஒரு வாக்கியத்தின் நடுவில், கணினியில் நான் எழுதும் எடிட்டர் நிரல் ஊமையாகிவிட்டது. தட்டும் எழுத்தைச் சொல்வதில்லை. வரியைப் படிப்பதில்லை. பார்வை உள்ளவர்கள் திரையை எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் குரல்தான் திரை.

இதைத் தொலைபேசியில் எழுதுகிறேன். அது பேசுகிறது. ஆனால் புவியியல் பாடநூலில் மீதி இருக்கும் நாற்பது பக்கத்தை இதில் திருத்த முடியாது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். பதிப்பகத்திலிருந்து பிலியானா அழைத்தாள். "வெலி, ஈஸ்டருக்கும் உன் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல், இப்பவும் காய்ச்சல். அதுக்கு ஒரு டாக்டரைப் பாரு. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாக்கறேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள். சொன்னது சிரிப்பில்லை.

பிரிந்து ஆறு வருடம். இதற்கு மட்டும் இன்னும் உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வெலிஸ்லாவா


8 மே

அன்புள்ள வெலி,

கெர்கியோவ்தென் பண்டிகை விருந்துக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல். ஆட்டுக்கறி இன்னும் தீரவில்லை. அம்மா இந்த வருடமும் உன் பங்கைத் தனியாக எடுத்து மூடிவைத்தாள். "அவ வரமாட்டாம்மா" என்றேன். "வராட்டி என்னடா, பங்கு பங்குதான்" என்கிறாள்.

ஞாயிறு மாலை வர்னா வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். போனதும் சரி செய்கிறேன், எப்போதும் போல. அதுவரை எதையும் தொடாதே. முக்கியமாக, எடிட்டர் திறக்கும்போது முதலில் படிக்கும் அந்தத் தொடக்கக் கோப்பை. அது சீட்டுக்கட்டில் கட்டிய வீடு, ஒன்றை இழுத்தால் எல்லாம் சரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் ஒக்னியான்


ரூசே
10 மே

ஒகி,

தொட்டேன்.

முதலில் ஒரு தவறு. ஊமை எடிட்டரில் தொடக்கக் கோப்பைத் திறந்தேன். பிறகு அதை மறந்து, உனக்குக் கடிதம் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, 'தொடாதே என்று சொல்ல நீ யார்' என்று ஆரம்பித்து ஆறு வரி தட்டிச் சேமித்துவிட்டேன். சந்தேகம் வந்து கோப்பைத் தொலைபேசிக்கு மாற்றிக் கேட்டேன். கோப்பின் நடுவில் என் ஆறு வரி, ஒரு எழுத்துப் பிசகில்லாமல்.

அப்போதுதான் புரிந்தது. எடிட்டர் சாகவில்லை. கேட்கிறது, எழுதிக்கொள்கிறது. போனது குரல் மட்டும்.

திட்டிய அந்த ஆறு வரியையும் நீக்கினேன். மீதி இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள், எல்லாம் நீ எழுதியவை. ஒரு வரியின் தலையில் அரைப்புள்ளி வைத்தால் எடிட்டர் அதைப் படிக்காமல் தாண்டிவிடும். முதல் பாதிக்கு வைத்தேன். மறுபடி தொடங்கினேன். மௌனம். அதை எடுத்துவிட்டு இரண்டாம் பாதிக்கு வைத்தேன். தொடங்கினேன்.

பேசியது. தகரத்தைத் தட்டுவது போன்ற குரல், நம் மொழியை நேற்றுத்தான் கற்றுக்கொண்ட உச்சரிப்பு. ஆனால் பேசியது.

குற்றவாளி அந்தப் பாதியில். அதிலும் பாதி. அதிலும் பாதி. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரே வரி மிஞ்சியது. நூற்று நாற்பத்தேழாவது. குரலை இந்தக் கணினியில் உண்டாக்காதே, இந்த முகவரியிலிருந்து வாங்கு என்கிறது. முகவரி உன் வீட்டுக் கணினி. பக்கத்தில் உன் குறிப்பு: 'தற்காலிகம், 2016.'

ஊமையான நாட்களை நினைத்துப் பார்த்தேன். ஈஸ்டர். கெர்கியோவ்தென். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். என் கணினிக்கு என்னைவிடப் பக்தி அதிகம் என்று ஒருமுறை பிலியானாவிடம் சொன்னேன். அது பக்தி இல்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது, கதவைப் பூட்டுமுன், நீ மெயின் ஸ்விட்சை இறக்குவாய். நம் வீட்டிலும் இறக்குவாய். பத்து வருடம் அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் நான் செருப்பு மாட்டியிருக்கிறேன்.

திரும்பி வந்து நீ செய்த 'சரி செய்வது' என்ன? ஸ்விட்சை ஏற்றுவதா?

வெலிஸ்லாவா


வர்னா
11 மே

வெலி,

ஆமாம். அதுதான்.

2016இல் உன் கணினி பழையது, நல்ல குரலைத் தாங்காது. என்னுடையது பக்கத்து அறையில் இருந்தது. புதிது வாங்கும்வரை என்று நினைத்தேன். புதிது வாங்கினோம், வரியை மாற்ற மறந்தேன். அது உண்மை. பிரிந்து வர்னா வந்தபோது மறக்கவில்லை, அந்த வரியில் முகவரியை மட்டும் இந்த வீட்டுக்கு மாற்றினேன். அதுவும் உண்மை.

இங்கே எதுவும் கேட்காது, சத்தியமாக. ஒலி முழுக்க உன் பக்கம் வந்துவிடும். கணினியின் முன்பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு துடிக்கும், அவ்வளவுதான். அது துடித்தால் நீ எழுதுகிறாய். ஒன்பது மணிக்குத் தொடங்கும். மழை நாளில் பத்து ஆகும். அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பேன்.

ஸ்விட்சை இப்போது ஏற்றிவிட்டேன். விளக்கு எரிகிறது, துடிக்கவில்லை. உனக்கு அந்த நல்ல குரல் வேண்டாமா?

ஒகி


ரூசே
12 மே

அன்புள்ள ஒகி,

வேண்டாம். தகரக் குரல் மூன்று நாளில் பழகிவிட்டது. நல்ல குரலைவிட வேகமாகப் படிக்கிறது. நாற்பது பக்கமும் அதில்தான் முடித்தேன். காலை பத்து மணிக்கு அனுப்பினேன். "எந்த டாக்டர்?" என்றாள் பிலியானா. "நான்தான்" என்றேன். "அப்ப அடுத்த புஸ்தகத்தையும் நீயே வச்சுக்கோ, டாக்டர்."

நீ ஒட்டுக்கேட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்கினேன் என்று தினமும் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். இனி மழை நாளில் எத்தனை மணிக்கு எழுதுகிறேன் என்று நீ ஊகித்துக்கொள்ளலாம்.

பங்கு எடுத்துவைக்க வேண்டாம் என்று உன் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வேணாம்னா நேர்ல வந்து சொல்லு" என்றார். போவேன் என்று தோன்றுகிறது, நீ இல்லாத ஒரு வாரத்தில்.

காபியை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து குடி. அங்கே கடல் இருக்கிறது.

வெலிஸ்லாவா

பி.கு.: இதுவரை அரைப்புள்ளிதான் வைத்திருந்தேன். இப்போது வரியையே அழித்துச் சேமித்தேன். கோப்பில் இருநூற்றுப் பதினொரு வரிகள். இனி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருத்த உட்காரப் போகிறேன்.