தொப்பியை நானே பின்னியதாகச் சொல்லிவிட்டேன்

மகாராணிக்கு,

டூட்டி முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடு. சோறும் முட்டைப் பொரியலும் மூடி வைத்திருக்கிறேன். கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

புதுப் பின்னல் புத்தகத்தைப் பார்த்து நீ எனக்காகப் பின்னிய தொப்பியை, "இது என்ன, கெட்டிலுக்கு உறையா?" என்று நேற்று கேட்டது என் வாய்க்கொழுப்புதான். அதற்குப் பரிகாரமாக இன்று காலை அதைப் போட்டுக்கொண்டே பால் வாங்கப் போனேன். மாடிவீட்டுக் கல்லூரிப் பெண் படியிலேயே மடக்கிவிட்டாள்.

"அங்கிள், செமையா இருக்கு! யாரு பின்னினது?"

"நான்தாம்மா" என்று வாய் தவறி வந்துவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளும் மூன்று தோழிகளும் என்னிடம் பின்னல் கற்றுக்கொள்ள வருகிறார்கள். எனக்கு ஊசியை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது. நாலு மணிக்கே ஆபீஸிலிருந்து ஓடி வந்துவிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் எதையாவது சொல்லிக்கொடுத்து என் மானத்தைக் காப்பாற்று.

உன் புருஷன்

பி.கு: புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். படத்தில் இருக்கும் பையனுக்கும் தொப்பி பாதிக் கண்ணை மறைக்கத்தான் செய்கிறது. உன் பின்னலில் தப்பே இல்லை.

இன்னொன்று: என்னோடு பேச இன்னும் மனசு வரவில்லை என்றால் பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பின்னு, பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்.