விற்காத கட்டுகளோடு இரண்டு பேர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடைசியில் நீயே தெரிந்துகொள்வாய். மாடிப்படியில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். மேலே அப்பா இருமும்போதெல்லாம் அணைத்துவிட வேண்டியிருக்கிறது.

வழக்கமாக என் கடிதம் அப்பாவுக்குத் தெரியாமல் விற்காத புத்தகக் கட்டுக்குள் ஒளிந்து, வேனில் ஏறி, நீ வேலை பார்க்கும் குடோனுக்கு வரும். இந்த முறை ஒரு சின்னப் பெண் கையிலேயே கொண்டுவருவாள். முன்பல் இரண்டு இல்லை. சிட்டு என்று கூப்பிடு. கூட இருப்பவர் அவளுடைய அம்மா. அவர்களை உட்காரவைத்துவிட்டு மீதியைப் படி.

இவர்கள் நம் தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள். அம்மா தையல் கம்பெனியில் பொத்தான் வைக்கிறார். அவர் வேலை முடிந்து வரும்வரை சிட்டு நம் புத்தகக் கடை பெஞ்சில் இருப்பாள். வெள்ளிக்கிழமை புதுப் புத்தகக் கட்டைப் பிரிக்கும்போது பிள்ளைகள் பிளாஸ்டிக் உறை போட உதவுவதும், கூலியாக முதல் ஆளாக உட்கார்ந்து படிப்பதும் நீ இருந்தபோது போலவே நடக்கிறது. அப்பாவும் அதேபோல், "அகலமா விரிக்காதடா, அது என்ன குடையா?" என்று கத்திக்கொண்டே இருக்கிறார்.

சிட்டு மட்டும் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பாள். முடிவு தெரிந்த பிறகு படிக்க என்ன இருக்கிறது என்று அப்பா கேட்டதற்கு, "அப்பதான் பயமில்லாம படிக்கலாம்" என்றாளாம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

போன புதன்கிழமை ஒருவர் வந்தார். சலவைச் சட்டை, மெதுவான பேச்சு. அப்பா சாப்பிடப் போயிருந்தார். தன் மகளுக்கு ஒரு புத்தகம் வேண்டும், என்ன படிப்பாள் என்று தெரியாது, ஆனால் எதையும் கடைசிப் பக்கத்தில்தான் தொடங்குவாள் என்றார். முகத்தை மறந்தாலும் வாடிக்கையாளர் எதைப் படிப்பார் என்பதை மறக்கக் கூடாது என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். எனக்கு ஒரே பெருமை. "ஓ, நம்ம சிட்டுவா? வெள்ளிக்கிழமை புதுசு வந்ததும் முதல் ஆளா வந்து நிப்பா அங்கிள்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு புத்தகத்தை வாங்கி, அழகாகச் சுருட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் சிட்டுவின் அம்மாவிடம் அவர் வந்துபோனதை நல்ல செய்தி மாதிரி சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, அக்கா. திட்டியிருக்கலாம். சிட்டு கையிலிருந்த புத்தகத்தை வாங்கி பெஞ்சில் வைத்துவிட்டு, "எந்தப் பக்கம் போனாரும்மா?" என்று மட்டும் கேட்டார். அப்போது அவர் கை தூக்கியதில் ரவிக்கைக் கை ஏறி, பழைய தீக்காயம் தெரிந்தது. ஒன்றல்ல.

போலீசுக்குப் போகலாமே என்பாய். முன்பு இருந்த ஊரில் போனாராம். சமாதானம் பேசி, அந்தப் புருஷனோடேயே அனுப்பிவைத்தார்களாம். அப்பாவிடம் பாதியை மட்டும் சொல்லிப் பார்த்தேன். "புருஷன் பொண்டாட்டி சண்டை, நாளைக்கே சேர்ந்துக்குவாங்க. நடுவுல நமக்கென்ன வேலை?" என்றார். மீதியை விழுங்கிவிட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. சிட்டுவை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அந்தச் சலவைச் சட்டைக்காரர் வந்து பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து, கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. அப்பா டீ வாங்கிக் கொடுத்து, இந்தக் காலத்தில் பெரியவர்கள் யார் இதெல்லாம் படிக்கிறார்கள் என்று உபசாரம் வேறு. அப்பா உள்ளே போனதும் அவர் பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகச் சிட்டு எங்கே என்று கேட்டார். நம் ஓட்டைவாயன் இருக்கிறானே, எந்த ரகசியத்தையும் வாய்க்குள் வைத்துக்கொள்ள மாட்டான். அவன் உறை போட்டுக்கொண்டே, "எந்தச் சிட்டு? எங்க தெருவுல காக்காதான் அங்கிள் ஜாஸ்தி" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். போகும்போது என் பக்கம் குனிந்து, "நீ பொய் சொல்ற பொண்ணு இல்ல பாப்பா. நாளைக்கும் வர்றேன்" என்றார்.

இன்றும் அவர் வந்தார். எதிர் வரிசையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று விசாரித்துக்கொண்டு போனார். சிட்டுவின் வீட்டுக்கு முந்தின சந்து வரை போய்விட்டார். இருட்டியதும் நான் போய் இருவரையும் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்துவிட்டேன். சாவியை அப்பாவின் சட்டையிலிருந்து எடுத்தேன். இப்போது கீழே, திருப்பி அனுப்பும் கட்டுகளுக்குப் பின்னால் சிட்டு தூங்குகிறாள். அவள் அம்மா தூங்கவில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்.

விடிவதற்குள் வேன் வந்துவிடும். வேன்காரர் மாமாவைச் சாயங்காலமே போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டேன். முதலில் தலையைச் சொறிந்தார். பிறகு, "ஆளை ஏத்தக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு. கட்டு ரெண்டு கூடுதலா இருந்தா நான் எண்ணிப் பார்க்கப் போறதில்ல" என்றார். உன்னிடம் கொண்டுவந்து இறக்கும்வரை வழியில் எங்கும் நிறுத்த மாட்டாராம்.

உன் அறை சின்னது என்று தெரியும். காலை நீட்டினால் சுவர் இடிக்கும் என்று எழுதியிருந்தாய். கொஞ்ச நாள் மடக்கிக்கொள், அக்கா. சிட்டுவின் அம்மா எந்தத் துணியிலும் பொத்தான் வைப்பார், உங்கள் பக்கத்தில் வேலை கிடைக்காமலா போகும். சிட்டு நன்றாகச் சாப்பிடுவாள், ஆனால் கேட்கமாட்டாள். நீதான் வைக்க வேண்டும்.

நீ வீட்டைவிட்டுப் போனதிலிருந்து, யாராவது உன் பேச்சை எடுத்தால் நம் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அங்கே போய் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நாளைக்கு ஞாயிறு, அப்பா பாதி நாள் வெளியே போவார், கடையில் நான்தான் இருப்பேன். அந்த மனிதர் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஓட்டைவாயன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். சொல்லிப் பார்த்தேன், குரல் நடுங்குகிறது. விடிவதற்குள் சரியாகிவிடும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இவர்கள் வந்து சேர்ந்தார்கள் என்றுகூட எனக்கு எழுதாதே. உன் பதில் ஒளிந்து வரும் புதுக் கட்டைப் பிரிக்கும்போது அந்த மனிதர் பெஞ்சில் இருப்பார். நீ எழுதாவிட்டால், சேர்ந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படியே வைத்துக்கொள்வேன்.

வேன் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது. சிட்டுவை எழுப்பப் போகிறேன். இதைப் படித்து முடித்ததும் கதவைத் தாழிட்டுக்கொள், அக்கா.

உன் நலத்தையே நினைத்திருக்கும்
தங்கை