எட்டாவது பெஞ்சில் நின்றுபோன சமாதானம்

என் பெயர் த. ஜெயசிங் பொன்னையா. வயது ஐம்பது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணி. இவையெல்லாம் உமக்குத் தெரிந்தவைதான். ஆனாலும் எழுதுபவர் யார், எதற்காக எழுதுகிறார் என்பது முதலில் வந்துவிட வேண்டும் என்பது என் வழக்கம். நோக்கம் இது: சென்ற ஞாயிறு நம் ஆலயத்தில் நான் செய்த ஒரு பிழையை உமக்குத் தெரிவிப்பது. வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு ஆறுதல் சொல்லிவிடுவார்கள். நீர் முதலில் சிரிப்பீர், பிறகு திட்டுவீர். எனக்கு வேண்டியது அதுதான்.

இன்று காலை என் மனைவி ஊறுகாய்க்காக எலுமிச்சை நறுக்கினாள். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் நான் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் ஊறுகாய் நினைவுக்கு வரும் வாசனையில் எனக்கு உம் கை நினைவுக்கு வருகிறது. ஞாயிறு விடியற்காலையில் மார்க்கெட்டில் மீன் வெட்ட உட்கார்ந்து, எட்டு மணிக்கு எழுந்து, எலுமிச்சைத் தோலால் முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு ஆராதனைக்கு ஓடி வருவீர். அப்படியும் எலுமிச்சைக்கு அடியில் கொஞ்சம் மீன் வாசனை இருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி இங்கே வந்த புதிதில், முறைப்படி சபை மாற்றுக் கடிதத்தை ஆயரிடம் கொடுத்தேன். அவர் வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார். அத்துடன் சபை என்னை மறந்தது. வாசலில் குடும்பம் குடும்பமாக நின்று பேசுவார்கள். நான் நெருங்கினால் பேச்சு நின்றுவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது திருவிருந்து ஆராதனையில்தான். சமாதானம் பகிரும் வேளையில் ஆயர் பீடத்தருகே நிற்பவரின் கையைத் தம் இரு கைகளுக்குள் வைத்து அழுத்துவார். அவர் முதல் பெஞ்சுக்குக் கொடுப்பார். முதல் பெஞ்சு இரண்டாவதற்கு. இப்படியே கடைசி வரை வர வேண்டும் என்பது முறை. நம் ஆலயத்தில் அது எட்டாவது பெஞ்சு வரை வரும். அங்கே இருந்த ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி அதை வாங்கிக்கொண்டு, கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கிவிடுவார். ஒன்பதாவது பெஞ்சில் நான் கையை நீட்டியபடி நிற்பேன். ஏழு திருவிருந்து, ஏழு முறையும் இப்படியே. ஒவ்வொரு முறையும் என் குறிப்பேட்டில் நாளையும் பெஞ்சு எண்ணையும் எழுதிவைத்தேன். ஆயருக்கு மூன்று பக்கங்களில் புகார்க் கடிதம் தயாரானது. அதற்கும் பதில் வராவிட்டால் வேறு சபைக்குப் போய்விடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

ஏழாவது ஞாயிறு நீர் உம் சைக்கிளை என் வண்டிக்குக் குறுக்கே நிறுத்தினீர்.

"இன்னா சார், ஏழு தபா பாத்துட்டேன். சமாதானம் குடுக்கற நேரத்துல மட்டும் உன் மூஞ்சி வாடக கேட்டு வந்த ஊட்டுக்காரன் மாரி ஆயிடுது. இன்னா மேட்டரு?"

"நீர் கவனித்தது சரிதான்," என்று தொடங்கினேன்.

"நீரா? நைனா, சாமியத்தான் நாங்க நீர்னு கூப்புடுவோம். என்னாண்ட ஜெபம் பண்ணாத, பேசு."

எங்கள் ஊர் வழக்கத்தை நான் விளக்கினேன். அதில் பாதியைக்கூட நீர் கேட்கவில்லை. "சனிக்கெழம மார்க்கெட்டாண்ட வா. உன் லெட்டர படிச்சுக் காட்டு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்.

சனிக்கிழமை உம் வெட்டுக்கட்டையின் எதிரே ஒரு கவிழ்த்த பெட்டியில் அமர்ந்து மூன்று பக்கங்களையும் வாசித்தேன். நீர் வஞ்சிரம் வெட்டிக்கொண்டே கேட்டீர். மீன் வாங்க நின்ற அம்மாள் ஒருவர் பொறுமை இழந்து கேட்டார்: "இன்னாண்ணா, சாரு கவர்மெண்டா? ஏதோ நோட்டீஸ் படிக்கிறாரு?"

"இல்லக்கா. சர்ச்சுல அவருக்கு யாரும் கை குடுக்கலியாம். பெட்டிஷன் போடறாரு."

"ஐய, அவுங்க குடுக்கலன்னா இவரு குடுக்கறது. இதுக்கு மூணு பக்கமா? எனக்கு தலய தனியா வெட்டு."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஆலயத்தின் இருக்கை வரைபடம் இருந்தது. சமாதானம் எங்கே நிற்கிறது என்பதை அம்புக்குறியால் காட்டியிருந்தேன். நீர் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தீர். கடைசிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தீர்.

"இதுல இன்னா எழுதிகினு கீற?"

"பத்தாவது பெஞ்சு. காலி."

"காலியா? அப்ப நான் யாரு நைனா?"

அந்த அம்மாளும் என்னைப் பார்த்தார்.

"ஏழு தபாவும் உன் முதுகத்தான் பாத்துகினு நின்னேன். உன் நீல சட்ட காலர்ல நூல் பிரிஞ்சி கீது, அது வரிக்கும் எனக்குத் தெரியும். கை நாறும்னு நான் கடசி பெஞ்சில குந்திக்கிறேன், அது என் சமாச்சாரம். நீ திரும்பாதது உன்னுது."

இதைச் சொன்னபோது நீர் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர். நான் வைத்துவிட்டு எழுந்த கடிதத்தில் எனக்கு நெத்திலிப் பொட்டலம் கட்டித் தந்தீர்.

அடுத்த திருவிருந்தில் நான் திரும்பினேன். நீர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டீர். "வேணாம் நைனா, இப்பத்தான் வவ்வா மீன் வெட்டிட்டு வரேன்," என்று கிசுகிசுத்தீர். நான் நீட்டிய கையை எடுக்கவில்லை. முன்னாலிருந்து எனக்கு வந்து சேராத ஒன்றைப் பின்னால் கொடுப்பது முறையா என்ற கேள்வி எனக்குள் இருந்தது, அதையும் ஒதுக்கிவைத்தேன். கடைசியில் உம் வலக்கை வந்தது. எலுமிச்சை மணத்தது. அதன்பின் நீர் கையை விடாமல் ஆணையிட்டீர்: "இப்ப முன்னாடி அனுப்பு."

"சமாதானம் பீடத்திலிருந்துதான் பின்னால் வர வேண்டும்."

"அது வர்ற வரிக்கும் இப்டியே நின்னுகினே இருப்பியா?"

ரயில்வே அதிகாரியின் தோளைத் தொட்டேன். மனிதர் துள்ளிவிட்டார். பாட்டுப் புத்தகம் கீழே விழுந்து ஆலயமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஆராதனை முடிந்ததும் அவரே என்னைத் தேடி வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். நீங்க பேராயத்துல இருந்து விசாரணைக்கு வந்தவர்னு நெனச்சோம். வாராவாரம் நோட்டுல குறிச்சுக்கறீங்களே! ஆயர்கூட இப்பல்லாம் பிரசங்கத்த சீக்கிரம் முடிச்சுடறார், கவனிச்சீங்களா?"

வாசலில் நீர் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் முன்வரிசைக் குடும்பங்களே வந்து என்னவென்று கேட்டன. அன்று நான் பதினோரு பேரிடம் பேசினேன். வேறு சபை தேடும் எண்ணம் அத்துடன் போயிற்று.

நீர் போய் ஓராண்டு ஆகப்போகிறது. அடக்க ஆராதனையில் உம் கையைத் தொடுவதற்காக எல்லோரும் முண்டியடித்தார்கள். நான்தான் வரிசைப்படுத்தினேன். மார்க்கெட் ஆட்கள் இடப்பக்கம், சபையார் வலப்பக்கம் என்று பிரித்தேன். ஐந்து நிமிடத்தில் எல்லாம் கலந்துவிட்டது.

இப்போது பிழைக்கு வருகிறேன். புதியவர்களை வரவேற்கும் பொறுப்பைச் சபை என்னிடம் கொடுத்திருக்கிறது. யாரும் விடுபடக் கூடாதென்று ஒரு படிவம் தயாரித்தேன். நிரப்ப வேண்டிய கட்டங்கள் பதினான்கு. சென்ற ஞாயிறு, கையில் தலைக்கவசத்துடன் ஓர் இளைஞர் வந்து கடைசிப் பெஞ்சில் அமர்ந்தார். நான் படிவமும் பேனாவும் கொடுத்தேன். சமாதானம் பகிரும் வேளை வந்தது. அவர் குனிந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். சமாதானம் ஒன்பதாவது பெஞ்சு வரை ஒழுங்காக வந்தது. கை நீட்டியவர்கள், அவர் எழுதுவதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்கள். பக்கத்திலேயே நின்ற நான் அவரிடம் சொன்னது இதுதான்: "தம்பி, கதவு எண்ணும் அஞ்சல் குறியீடும் விட்டுப்போச்சு."

இறுதி ஆசீர்வாதத்துக்கு முன்பே அவர் எழுந்து போய்விட்டார். படிவம் பெஞ்சின் மேல் இருந்தது. பெயர்: ரூபன். முகவரி: வெள்ளானூர், அவ்வளவுதான். கைபேசி எண் இல்லை. பதினான்காவது கட்டத்தில், சபையிடம் எதிர்பார்ப்பது என்ற இடத்தில், "நாகர்கோவில்காரங்க யாராவது இருக்கீங்களா?" என்று எழுதியிருந்தார்.

ஆறு நாட்களாக அந்த ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முகத்தை உற்றுப் பார்க்காமல் கட்டங்களைச் சரிபார்த்த என்னை நீர் என்னவெல்லாம் கேட்டிருப்பீர் என்று எனக்குத் தெரியும். நான் நாகர்கோவில்காரன் அல்லன். பக்கத்து மாவட்டம். அவருக்கு அது போதுமென்று நினைக்கிறேன்.

ஆகவே இன்று மாலை ஐந்து மணிக்கு வெள்ளானூர் புறப்படுகிறேன். அங்கே எத்தனை அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. முதல் கட்டடத்தின் காவலாளியிடம் தொடங்கி, தலைக்கவசம் வைத்திருக்கும் ரூபன் என்று கேட்டுக்கொண்டே போவேன். இன்று அகப்படாவிட்டால் திங்கட்கிழமையும் போவேன். "அட்ரஸ் இல்லாமயா போற? நீயா நைனா?" என்று கேட்பீர். ஆம், நானேதான். புறப்படுகிறேன்.