மாமாவும் நானும் கொண்டாடிய நாள்

மாமா,

நேற்று ஒரு புதுச் சுடிதாரின் கழுத்தோரத்திலிருந்து லேபிளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். துவைக்காத துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. சாயங்காலம் ஜவுளிக்கடையிலிருந்து நீங்கள் மாடிப்படி ஏறும்போது உங்களுக்கு முன்னால் வருகிற வாசனை அது. உங்கள் சட்டைகள் எதிலும் லேபிள் இருந்ததில்லை. கத்தரித்தால் மிச்ச ஓரம் குத்தும் என்று பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரிப்பீர்கள். "குத்திச்சுன்னா அன்னைக்கு முழுக்கச் சட்டை மட்டுந்தான் மண்டைக்குள்ள ஓடும்" என்பீர்கள். அம்மா கீழேயிருந்து, "ஆமா, ராசா வீட்டுப் பிள்ளைக்கு மேலு நோவும்" என்பாள்.

நீங்கள் போன பிறகு வந்த முதல் ஜூன் இது.

சென்னை வேலையை விட்டு நான் டவுணுக்குத் திரும்பி வந்தபோது, இந்த வீட்டில் யாருக்கும் என்னிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. முப்பத்தைந்து வயதில், கல்யாணமும் இல்லாமல், அலுவலகக் கூட்டத்தில் பேச்சு நின்றுபோய் மேஜைக்கடியில் உட்கார்ந்துவிட்டேன் என்பதை எப்படிக் கேட்பார்கள்? மருத்துவர் எனக்கு ஆட்டிசம் என்றார் என்று சொன்னேன். பிறவியிலேயே உள்ளது, நோயில்லை, மூளை வேலை செய்கிற விதம் வேறு, அவ்வளவுதான் என்றேன். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். நீங்கள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, அதில் என்னவெல்லாம் இருக்கும் என்று கேட்டீர்கள். சத்தம் தாங்காது, கண்ணைப் பார்த்துப் பேச வராது, ஒரே சாப்பாடுதான் பிடிக்கும், ஆட்கள் சொல்வதற்கும் நினைப்பதற்கும் நடுவில் இருக்கிறது புரியாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். சாம்பார் படாத வெறும் சோற்றையும் தயிரையும் தவிர வேறெதுவும் உங்கள் தட்டில் இல்லை.

"அப்போ எனக்கும் அதாம்ளா இருக்கும்" என்றீர்கள்.

அன்றைக்குத்தான் ஆழ்வார்திருநகரியில் பெண் பார்க்கப் போன கதையை நீங்களே சொன்னீர்கள். அதுவரை அம்மா சொல்லித்தான் கேட்டிருந்தேன். சின்ன அறைக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச, பக்கத்துக் கோவிலில் ஒலிபெருக்கி அலற, பெண் காப்பித் தட்டோடு வருகிற சமயத்தில் நீங்கள் எழுந்து தெருவுக்குப் போய்விட்டீர்கள். திரும்பவே இல்லை. பெண் வீட்டை அவமானப்படுத்திய திமிர் பிடித்தவன் என்று பேராயிற்று. அதன் பிறகு யாரும் பெண் தரவில்லை. கடை முதலாளியும் துணி வாங்க வந்தவர்களிடம் நீங்கள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்று, பின்பக்கம் சரக்கு அடுக்குகிற கிட்டங்கிக்குள் அனுப்பிவிட்டார். துணிக் கட்டுகளுக்கு நடுவே உங்களுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

"வாத்தியாரும் திமிருன்னாரு. வீட்டுல அய்யாவும் திமிருன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாரு. எனக்கே அப்படித்தான் போலன்னு ஆயிட்டு. இல்லைங்கியா நீ?"

"இல்ல மாமா."

"திமிரு இல்ல" என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்கள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனீர்கள். அன்று நீங்கள் அழுதீர்களா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அதெல்லாம் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வராது. உங்களுக்கும் வராது. அதனால்தான் நமக்குள் எதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிற பழக்கம் வந்தது.

ஜூன் மாதத்தில் நம்மைப் போன்றவர்களுக்கென்று ஒரு பெருமித நாள் இருக்கிறது என்று நான் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை.

"பெருமைப்பட இதுல என்னளா இருக்கு?"

"நம்மளச் சரிபண்ண வேண்டாம், இப்படியே இருந்துக்கிடுதோம்னு சொல்லுத நாள் மாமா. நாமளே நமக்காகக் கொண்டாடுதது."

"எப்படிக் கொண்டாடுதாங்க? வெடி போடுவாங்களோ?"

சில ஊர்களில் பூங்காவில் கூடுவார்கள், ஊர்வலமும் போவார்கள் என்றேன். என் போனில் இருக்கிற, நம்மைப் போன்றவர்களின் குழுவில் பலர் வீட்டைவிட்டே வெளியே வருவதில்லை, பிடித்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போர்வைக்குள் இருப்பார்கள் என்றேன். "அது நல்லாருக்கே" என்றீர்கள். ஆனாலும் ஒரு தடவையாவது நம்மைப் போல நாலு பேரைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் அதே நாளில் பெற்றோர்கள் சிலர் சேர்ந்து விழா நடத்துவதாகச் சுவரொட்டி பார்த்துவிட்டு வந்து, நீங்கள்தான் போவோம் என்றீர்கள்.

வாசலிலேயே பலூன். உள்ளே மைக் கீச்சென்று கத்தியது. குழந்தைகளை மேடையில் வரிசையாக நிறுத்திப் பாட்டுக்கு ஆடச் சொன்னார்கள். ஒரு சிறுமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். யாரோ வந்து அவள் கைகளை எடுத்துத் தட்டவிட்டார்கள். நீங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது அடையாள அட்டை மாட்டிய பெண்ணொருத்தி வந்து, "சார் பேரண்ட்டா? பையன் எங்க இருக்கான்?" என்று கேட்டாள்.

"பையன் இல்லம்மா. நான்தான்."

"நீங்கதான் அப்பாவா?"

"அப்பா இல்ல. அது... நான்தான். எனக்குத்தான் இருக்கு."

அவள் சிரித்தாள், கெட்ட எண்ணத்தோடு இல்லை. "உக்காருங்க சார், குழந்தை வந்ததும் பேரு எழுதிக்கிடலாம்" என்று போய்விட்டாள். நீங்கள் முதன்முதலாக வெளி ஆளிடம் அதைச் சொன்னீர்கள். அது அவள் காதில் விழவே இல்லை. மேடையில் ஒருவர் இந்தக் குழந்தைகளெல்லாம் கடவுளின் பிள்ளைகள் என்று பேசிக்கொண்டிருந்தார். கடவுளின் பிள்ளைகள் வளர்ந்து நரைத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று அங்கே யாரும் நினைத்திருக்கவில்லை.

"போவோமாளா?" என்றீர்கள். ஆட்டோ பிடித்து ஆற்றங்கரைக்கு, குறுக்குத்துறைக்குப் போனோம். கார் நெல் சாகுபடிக்கு அணையிலிருந்து தண்ணீர் விட்டிருந்த சமயம். மேற்கேயிருந்து சாரல் காற்று. துணி துவைக்கிறவர்கள்கூடப் போய்விட்டிருந்தார்கள். நீங்கள் சட்டையைக் கழற்றி மடித்துக் கல்லில் வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றீர்கள். பிறகு உங்கள் வலது கை படபடக்கத் தொடங்கியது.

அந்தக் கை அப்படி ஆடி நான் அதுவரை பார்த்ததில்லை மாமா. வேலையில்லாத நேரமெல்லாம் கால்சட்டைப் பைக்குள் கிடக்கிற கை. சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் விரல்கள் தானாக ஆடும் என்று, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிய நாளிலிருந்து அதை ஒளித்து வைத்திருந்தீர்கள். அன்று மணிக்கட்டு தளர்ந்து, விரல்கள் விரிந்து, தண்ணீரைச் சிதறடித்து அது ஆடியது. நான் படித்துறையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தேன். நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டோம். அடுத்தடுத்த ஜூன்களிலும் நமக்குப் பெருமித நாள் அதுதான்.

உங்களுடையது திமிர் இல்லை என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. ஒரு நாள் சொல்லியும் விட்டீர்கள். "அக்கா, எனக்குத் திமிரு இல்லையாம். மூளை அமைப்பே அப்படியாம்." அம்மா அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளினாள். "அவளுக்குப் பிடிச்ச கிறுக்கு உனக்கும் பிடிச்சிட்டாலே? ரெண்டு பேரும் இதை வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க" என்றாள். நீங்கள் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மாசி மாதம் ஒரு காலையில் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டு வாசலில் கொட்டு. சங்கு. ஒப்பாரி. களக்காட்டிலிருந்து வந்த பெரிய மாமாவிடம் கொட்டுச் சத்தத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்காது என்று கெஞ்சினேன். "செத்தவனுக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டா என்ன? ஊரு என்ன சொல்லும்?" என்றார். நான் மொட்டை மாடிக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். படியேறி வந்த ஒரு சித்தி, "மாமா மாமான்னு கெடந்தவ, சொட்டுக் கண்ணீர் வருதா பாரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அந்த வீட்டில் அன்று நான் விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒரே ஆள் நீங்கள். நீங்கள் கூடத்தில் படுத்திருந்தீர்கள்.

எடுக்கிற நேரத்துக்குக் கீழே வந்தேன். அம்மா உங்கள் தலைமாட்டில் குனிந்து, பஞ்சைச் சின்ன உருண்டையாகத் திரட்டி உங்கள் காதுக்குள் பைய வைத்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கு வைத்தாயிற்றே, காதுக்கு எதற்கு இவ்வளவு என்று யாரோ கேட்டார்கள்.

"அவனுக்குச் சத்தம் ஆவாதுலா" என்றாள் அம்மா. இன்னொரு காதுக்கும் வைத்தாள்.

உங்களிடம் இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இந்த ஜூனில் நான் ஆற்றுக்குப் போகவில்லை. போய் யாரோடு பேசாமல் இருப்பது? மாடியில் உங்கள் அறையில் உட்கார்ந்திருந்தேன். போனில் குழுவிலிருந்து வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன. எல்லோரும் தூரத்து ஊர்க்காரர்கள், முகம் தெரியாதவர்கள். நானும் வாழ்த்து அனுப்பினேன். பிறகு அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"வருசாவருசம் ஆத்துக்குப் போவீங்களே, இன்னைக்குத்தானே உங்க ரெண்டு பேர் நாளு? நான் என்னளா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. சும்மா இங்கன இரு."

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தக்காளி விலை, மருந்து தீர்ந்துபோனது, பக்கத்து வீட்டில் ரேடியோ பெட்டியை மாற்றியது என்று ஆரம்பித்தாள். பழைய நானாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பேன், இல்லை எழுந்து போயிருப்பேன்.

"அம்மா, எனக்குப் பேச்சு தாங்கல. செத்த நேரம் பேசாம இரியா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வாயை மூடிக்கொண்டு உங்கள் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். பேசாமலிருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கே தெரிந்தது. சேலைத் தலைப்பைத் திருகுவாள், சன்னலைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். வெயில் இறங்கும் வரை அப்படியே இருந்தாள்.

வேண்டியதை வெட்கமில்லாமல் கேட்கலாம் என்கிற தைரியம் மட்டும் என்னிடம் நிற்கிறது மாமா. அது நாம் இருவரும் சேர்ந்து கற்றுக்கொண்டது. ஆனால் அம்மா பேசாமலிருந்தது எனக்காக. நீங்கள் பேசாமலிருந்தது உங்களுக்காகவும். அந்த வித்தியாசத்தோடு நான் இந்த வீட்டில் இருக்கிறேன்.